விழுவதற்கு நாள் ஒதுக்காத வாரம்

போன வாரம், பயிற்சியாளர்களான உங்களில் ஒருவர் ஒரு தாளோடு என் வீட்டுக்கு வந்தார். திங்கள் கராத்தே, செவ்வாய் சிலம்பம், புதன் ஜூடோ, வியாழன் மறுபடி கராத்தே, வெள்ளி குத்துச்சண்டை, சனி எல்லாம் கலந்து, ஞாயிறு ஓட்டம். ஒவ்வொரு கலைக்கும் ஒவ்வொரு நிறத்தில் கட்டம் போட்டிருந்தார். "சரியா இருக்கா சார்? திண்டுக்கல்லுலயே மொதமொதல்ல இந்த மாதிரி கலந்து பழக்குனது நீங்கதானாமே" என்றார். அப்படி ஒரு பேர் எனக்கு இந்த ஊரில் உண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் காதுமடல் சுடும். தாளைப் பார்த்துவிட்டு "நல்லாருக்கு" என்று திருப்பிக் கொடுத்து, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு, கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று மனசுக்குள் ஒரே புழுக்கம். அவருக்குச் சொல்லாததை எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

அந்தப் பேர் வந்த கதையைக் கேளுங்கள். ஐம்பதுகளின் கடைசி. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். வயது முப்பதுகூட ஆகவில்லை. சாயங்காலம் மணி அடித்ததும் பேகம்பூர்ப் பக்கம் இருந்த ஒரு தேகப்பயிற்சிக் கூடத்துக்குச் சைக்கிளை மிதித்துவிடுவேன். அங்கே எனக்குச் சம்பளம் கிடையாது. செயலாளர் என்று ஒரு பட்டமும் கழுத்தில் ஒரு விசிலும் மட்டும்தான். அந்த விசிலுக்காகவே நான் போனேன் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அது சத்தம் கொடுத்தால் முரட்டு ஆள்களெல்லாம் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வயதில் அது போதையாகத்தான் இருந்தது.

பக்கத்து ஊரில் ஒரு நூற்பாலை. அங்கே காவல் பிரிவுக்கு ஒரு தலைமைக் காவலாளி வேண்டும் என்று ஆள் தேடினார்கள். ஆலை மேலாளருக்கு விளையாட்டுப் பைத்தியம். கம்பு, மல்யுத்தம், குத்துச்சண்டை மூன்றிலும் நிற்கத் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும், ஒரே நாளில் மூன்றிலும் சோதித்து எடுப்போம், சோதனையைத் திண்டுக்கல்லிலேயே வைத்துக்கொள்வோம் என்று சொல்லியனுப்பினார். எங்கள் கூடத்திலிருந்து ஒருவனை நிறுத்துவது என்று முடிவானது. அவன் சுலைமான்.

சுலைமான் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தவன். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருந்தது. முடி உதிர்வதற்காகத் தோல்களைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருப்பார்கள். தொட்டிக்குள் இறங்கி நின்று அவற்றைப் புரட்டிப் போட வேண்டும். காலையிலிருந்து அதே வேலை. அவன் பாதத்தை நான் ஒருநாள் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். விரலிடுக்கெல்லாம் வெந்து, குதிகாலில் பாளம் பாளமாக வெடிப்பு. அதை வைத்துக்கொண்டுதான் மல்யுத்தக் கோதாவில் இறங்கி ஆளைத் தூக்கிப் போடுவான்.

"இந்த வேலை கெடச்சா உனக்கு என்னப்பா லாபம்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"பூட்ஸு குடுப்பாகல்ல மாஸ்டர்?" என்றான். "பூட்ஸப் போட்டுக்கிட்டு காஞ்ச தரையில நிக்கிற வேலை. எனக்கு அம்புட்டுப் போதும்."

அவன் கேட்டது அவ்வளவுதான். நான் எழுதப்போகும் மற்றதையெல்லாம் படிக்கும்போது அந்தப் பாதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது அன்றைக்கு மனதில் இல்லை.

மூன்று கலைக்கும் மூன்று பேர் இருந்தார்கள். மல்யுத்தத்துக்கு எங்கள் வஸ்தாது. கடைவீதியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். சுலைமான் அவருடைய ஆள். சின்ன வயதிலிருந்து அவர் கோதா மண்ணில் உருண்டவன். சிலம்பத்துக்குச் சாணார்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர். கத்தரிக்காயும் தக்காளியும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கு வருகிற நாளில் மட்டும் கம்போடு கூடத்துக்கும் வருவார். குத்துச்சண்டைக்கு நெய்க்காரப்பட்டிக்காரர் ஒருவர். யுத்த காலத்தில் பட்டாளத்தில் இருந்தபோது கற்றுக்கொண்டவர், பிறகு திண்டுக்கல்லில் ஒரு பஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். எல்லாரும் பட்டாளத்தார் என்றே கூப்பிடுவோம். அவருக்குக் குரலை உயர்த்தவே தெரியாது. எதையும் ஏனுங்க, என்னங்க என்று பணிவாகச் சொல்வார். பணிவாகச் சொல்லப்படுவதைத் தட்டிவிடுவது எளிது. நான் அதைத்தான் செய்தேன்.

வாரத்தைப் பிரிக்க உட்கார்ந்தோம். வஸ்தாது எடுத்த எடுப்பிலேயே, "தம்பி, வெள்ளிக்கெழம தோல் ஷாப்பு லீவு. ஜும்மா முடிஞ்சு பையன் புதுசா வருவான். அந்த நாள் எனக்கு" என்றார். சிலம்ப வாத்தியார் விடவில்லை. "நாங் காயி கொண்டாற நாளு செவ்வாயும் சனியும். மத்த நாளு வரச் சொன்னா தோட்டத்துக்கு யாரு தண்ணி பாச்சுறது? நீரு பாச்சுறீரா?" என்று வஸ்தாதுவைப் பார்த்துக் கேட்டார். அவர் இவரை முறைக்க, இவர் அவரை முறைக்க, நான் நடுவில் பஞ்சாயத்து. கடைசியில் வெள்ளியும் திங்களும் கோதா, செவ்வாயும் சனியும் கம்பு, புதனும் வியாழனும் குத்துச்சண்டை, ஞாயிறு ஓய்வு என்று சுவரில் சாக்பீஸால் எழுதினேன். ஆளுக்கு இரண்டு நாள், யாருக்கும் மனக்குறை இல்லை. எனக்கே என் சாமர்த்தியத்தை நினைத்துச் சிரிப்பு வந்தது.

அப்போது பட்டாளத்தார் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார். "ஏனுங்க மாஸ்டர், என்ற ரெண்டு நாள்ல ஒரு நாளு, குத்தற பழக்கமே வேண்டாமுங்க. விழுகற பழக்கம் மட்டும் குடுக்கறனுங்க."

"விழுற பழக்கமா?"

"ஆமாங்க. அடி வாங்கிக் கீழ விழுந்தா, நடுவரு பத்து எண்ற வரைக்கும் நேரம் இருக்குதுங்களே. எட்டு வரைக்கும் கெடந்து மூச்சு வாங்கிப் போட்டு அப்பறம் எந்திரிக்கோணும். கோதாவுல பழகுனவருக்கு அது வராதுங்க. முதுகு மண்ணுல பட்டாத் துள்ளி எந்திரிப்பாங்க. துள்ளுனா அடுத்த குத்து தாடையிலதானுங்க."

இன்றைக்கு உங்களுக்கு இது விளங்காமல் போகலாம். இப்போதெல்லாம் விழுந்தவன் உடனே எழுந்தாலும் நடுவர் எட்டு வரை எண்ணித்தான் மறுபடி மோதவிடுகிறார். நாங்கள் நடத்திய ஆட்டங்களில் அப்படி இல்லை. எழுந்து நின்றால் உடனே ஆட்டம் தொடங்கிவிடும். எட்டு வரை படுத்துக் கிடப்பதா, பாதியில் எழுவதா என்பது விழுந்தவன் முடிவு. அவன் பக்கத்து மூலையில் நின்று சொல்லிக்கொடுக்கிறவனின் முடிவும்தான்.

பட்டாளத்தார் சொல்லி முடிக்கவில்லை, வஸ்தாதுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன மாஸ்டர் இது, கூத்தா இருக்கு? எம் பையன் எங் கோதாவுக்குப் பக்கத்துல மல்லாக்கப் படுக்குறதுக்குப் பாடம் படிக்கிறதா? முதுகு மண்ணுல பட்டா நம்மகிட்ட பேச்சு முடிஞ்சு போச்சு. இத்தன வருசமா நான் அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே அது ஒண்ணுதான். படுக்கத்தான் பழகணும்னா அவன் வீட்டுல பாய் இருக்கு. நான் அவன அனுப்பல, போங்க!"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். பட்டாளத்தாரிடம், "இருக்குற நாளே கம்மி அண்ணே. ரெண்டு நாளும் குத்தையே சொல்லிக் குடுங்க" என்றேன். அவர் சரிங்க என்று சொல்லிவிட்டார். வஸ்தாதுவைப் பகைத்துக்கொண்டால் கூடத்துக்குப் பாதிப் பேர் வர மாட்டார்கள், சுலைமானும் வர மாட்டான். இவரைத் தட்டிவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. நான் கணக்குப் போட்டது இப்படித்தான். மூன்று பேர் முகமும் கோணாமல் ஒரு வாரத்தைப் பங்கு போட்டுவிட்டு, மூன்று கலைகளைச் சமன் செய்துவிட்டதாக நம்பினேன். வெட்கக்கேடு.

பயிற்சி நன்றாகவே போனது. அதையும் சொல்ல வேண்டும். கம்பு சுழற்றக் கால் மாற்றிப் பழகியது குத்துச்சண்டைக்கு உதவியது. கோதாவில் ஏறிய தோள்பலம் இரண்டுக்கும் உதவியது. சுவரில் இருந்த என் அட்டவணையைப் பார்க்க வேறு கூடங்களிலிருந்துகூட ஆள் வந்தார்கள். நான் விசிலை உருட்டிக்கொண்டு விளக்கம் சொன்னேன்.

ஒரு வியாழக்கிழமை, கையுறை போட்டுப் பழகும்போது சுலைமான் ஈரத்தில் வழுக்கி மல்லாந்து விழுந்தான். விழுந்த வேகத்திலேயே புரண்டு, எதிராளியைக்கூடப் பார்க்காமல் எழுந்து நின்றுவிட்டான். சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள். பட்டாளத்தார் மட்டும் கைதட்டவில்லை. கூடம் கலைந்ததும் என் சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாத்தீங்களாங்க? நாஞ் சொன்னது அதுதானுங்க. எனக்கு ஒரே ஒரு நாள் குடுங்க. இங்க வேண்டாம். உங்க பள்ளிக்கூட மைதானத்துல வெச்சு, வஸ்தாது கண்ணுல படாமப் பழக்கிப் போடறனுங்க. ஞாயித்துக்கெழமைன்னாலும் சரிங்க."

இவ்வளவு சுலபமான வழியை ஒருவர் கையில் கொண்டுவந்து கொடுக்கிறார். மைதானச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. நான் சொன்னது: "வஸ்தாதுக்குத் தெரிஞ்சா வம்புண்ணே. பாப்போம்." பாப்போம் என்பதற்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். அவருக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

சோதனை நாள் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் கயிறு கட்டி மேடை போட்டிருந்தோம். கடைவீதியில் பாதி, தோல் ஷாப்பு ஆள்கள், கிராமங்களிலிருந்து சிலம்பம் பார்க்க வந்தவர்கள் என்று நிறையக் கூட்டம். காலையில் கம்பு. கம்பு முனையில் கரி தடவி, யார் உடம்பில் அதிகம் பொட்டு விழுகிறது என்று பார்க்கிற ஆட்டம். சுலைமான் சட்டையில் ஒரு பொட்டுகூட இல்லை. வாத்தியார் துண்டைத் தலைக்கு மேல் சுற்றினார். மத்தியானம் மல்யுத்தம். அதைச் சொல்லவே வேண்டாம். எதிராளி கோதாவுக்குள் வந்த வேகத்தில் மண்ணில் முதுகு பதிந்து கிடந்தான். வஸ்தாது சுலைமானைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தமிட்டார்.

ஆலை மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "ரெண்டுலயும் உங்க ஆளுதான் முன்னால. குத்துச்சண்டையில ஜெயிக்கக்கூட வேண்டாம். மூணு ரவுண்டும் முடியிற வரைக்கும் தாக்குப் பிடிச்சா வேலை அவனுக்குத்தான்" என்றார். ஓடிப் போய்ச் சுலைமானிடம் சொன்னேன். அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

வெயில் தாழ்ந்த பிறகு குத்துச்சண்டை. எதிராளி கட்டுமஸ்தான ஆள், பழகியவன். முதல் ரவுண்டில் சுலைமான் நன்றாகவே தப்பினான். இரண்டாவது ரவுண்டின் நடுவில் நெஞ்சுக்கு வந்த ஒரு குத்தில் கால் இடறி, மல்லாக்க விழுந்தான்.

பெரிய அடி ஒன்றும் இல்லை. அதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கண் தெளிவாக இருந்தது, மூச்சுதான் வாங்கியது. நடுவர் எண்ண ஆரம்பித்தார். எட்டு வரை அப்படியே கிடந்துவிட்டு எழுந்து, மீதி நேரத்தைக் கையை உயர்த்தி முகத்தை மறைத்தபடி கடத்தியிருந்தால் போதும்.

ஆனால் கூட்டத்துக்குக் கண்ணில் பட்டது முதுகு மட்டும்தான். கோதா பார்த்தே வளர்ந்த கூட்டம்.  பின்னாலிருந்து எவனோ, "ஏலே, வஸ்தாது ஆளு முதுகக் காட்டிட்டான்டோய்!" என்று கத்தினான். சிரிப்பு கிளம்பியது. என் பக்கத்தில் நின்ற வஸ்தாது முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் மைதானம், என் கூடம், என் அட்டவணை, என் ஆள் மல்லாந்து கிடக்கிறான், ஊரே சிரிக்கிறது.

மேடையின் மூலையில் பட்டாளத்தார் உள்ளங்கையைத் தாழ்த்தி, "கெடங்க தம்பி, கெடங்க, எந்திரிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சுலைமானுக்கு அது கேட்டது. எனக்கு நிச்சயமாகத் தெரியும், கேட்டது. ஏனென்றால் அவன் எழவில்லை. பழக்கமே இல்லாத ஒன்றை, கூச்சத்தை விழுங்கிக்கொண்டு செய்து பார்த்தான். ஒரு கை தரையில் ஊன்றியபடி கிடந்து, தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தான். கிடக்கலாமா என்று என்னைக் கேட்டான்.

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எந்திரி! எந்திரி சுலைமானு! முதுகு! முதுகு!" என்று அலறினேன்.

துள்ளி எழுந்தான். நடுவர் ஐந்துகூடச் சொல்லி முடிக்கவில்லை. கையை உயர்த்துவதற்குள் காதுக்குக் கீழே குத்து விழுந்தது. இந்தத் தடவை குப்புற விழுந்தான். நடுவர் எண்ணவே இல்லை; குனிந்து பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

தாடை உடைந்திருந்தது. இடது காது அதற்குப் பிறகு கேட்கவில்லை. வேலை வேறொருவனுக்குப் போனது. தாடை கூடியதும் சுலைமான் திரும்பவும் அதே சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினான். தோல் ஷாப்பு இருக்கிற தெரு வழியாகப் போவதை நான் விட்டுவிட்டேன். வேறு தெரு வழியாகப் போனால் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றாயிற்றே என்று வீட்டில் கேட்டபோது, சைக்கிள் மிதிப்பது உடம்புக்கு நல்லது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்றைக்குக் கூட்டம் கலைந்த பிறகு பட்டாளத்தார் சுலைமானின் கையிலிருந்து கழற்றிய துணிக்கட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று பக்கத்தில் போய் நின்றேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் நிமிராமலே, "அவரு உங்களையத்தானுங்க பாத்தாரு" என்றார். துணியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனவர்தான், மறுபடி கூடத்துக்கு வரவில்லை. நான் போய்க் கூப்பிடவும் இல்லை. எந்த முகத்தோடு போவது?

இப்போது நீங்கள் எனக்கும் மேலே படித்தவர்கள். எந்தத் தசைக்கு எத்தனை மணி நேரம் ஓய்வு, எந்தப் பயிற்சிக்கு அடுத்து எது என்றெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், அதைச் சொல்கிறேன். நான்கு கலைகளை ஓர் உடம்பில் ஏற்றும்போது, ஒவ்வொன்றும் ஒரு வெட்கத்தையும் கூடவே ஏற்றிவிடுகிறது. ஒன்றில் முதுகு படக்கூடாது, ஒன்றில் கம்பு கைவிட்டுப் போகக்கூடாது, ஒன்றில் பின்வாங்கக்கூடாது. அடுத்த கலைக்குப் போகும்போது அந்த வெட்கத்தைக் கழற்றி வைக்கவும் ஒரு நாள் வேண்டும். அந்த நாள் உங்கள் அட்டவணையில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். யாருக்காகப் போட்ட அட்டவணை என்பதையும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். உங்களோடு வேலை பார்க்கிறவர்களின் மனம் கோணாமல் இருக்கப் போட்டது என்றால், தயவுசெய்து கிழித்துப் போடுங்கள். விழுந்தவன் உங்கள் முகத்தைப் பார்க்கிற நேரம் வரும். அப்போது உங்கள் மானத்தை நினைக்காதீர்கள். நினைத்தவன் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுத மனமில்லாமல் இதுவரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகும்போதே சொல்ல வேண்டியதையெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். தப்பு என்னுதுப்பா, அந்தப் பழக்கத்தை வேண்டாம்னு சொன்னது நான், உன்னை எழுப்பிவிட்டதும் நான் என்று. சுலைமான் தாடையைச் சுற்றிக் கட்டுப்போட்டுப் படுத்திருந்தான். அவன் மனைவி எழுந்து எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவன் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான். வேண்டாம் என்று தோளைப் பிடித்தேன். பல்லைத் திறக்க முடியாமல், உதட்டை மட்டும் அசைத்து ஏதோ சொன்னான். எனக்கு விளங்கவில்லை. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"முதுகு பட்டுருச்சு மாஸ்டர். ஊரு முன்னால ஒங்களத் தலகுனிய வச்சுட்டேன். மன்னிச்சுருங்க."

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அவன் மனைவி, "ரெண்டு நாளா இதையேதான் சொல்லிக்கிட்டுக் கெடக்காரு மாஸ்டர். நீங்க மனசுல வச்சுக்கிறாதீக" என்றாள்.

வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்ததெல்லாம் அங்கேயேதான் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"பரவால்ல சுலைமானு, விடு" என்றேன்.

நான் மன்னித்துவிட்ட நிம்மதியில் அவன் கண்ணை மூடித் தூங்கிப்போனான்.